பள்ளியில் கெட்டிக்காரர், கல்லூரியில் திணறுவது ஏன்? 'மூணு கிரெடிட்' பாடத்தின் கணக்கில் வராத நாலு மணி நேரம்

எஸ்.பி.எம். தேர்வில் ஏழு, எட்டு 'ஏ' வாங்கியவர். டியூஷனில் ஆசிரியர் பெயர் சொல்லிப் பாராட்டிய மாணவர். ஆனால் கல்லூரியில் முதல் செமஸ்டர் முடிவு வரும்போது இரண்டு பாடங்களில் 'சி', ஒன்றில் தோல்வி. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் சரி, கிள்ளான் தாமான்களிலும் சரி, இது யாருக்கும் புதிய கதை அல்ல.

"கிளாஸ்ல எல்லாம் புரிஞ்சிச்சு, எக்ஸாம்ல எழுத வரல" என்பார் மாணவர். "எந்நேரமும் போனைப் பார்த்துக்கிட்டே இருந்தா எப்படி வரும்?" என்பார் அம்மா.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இந்தப் பேச்சில் விட்டுப்போவது ஒன்று உண்டு. கல்லூரியில் நேரக் கணக்கே மாறிவிடுகிறது. பள்ளியில் படிக்கும் நேரத்தை மற்றவர்கள் ஒழுங்கு செய்து கொடுத்தார்கள். கல்லூரியில் அந்தப் பொறுப்பு முழுவதும் மாணவர் கைக்கு வருகிறது. அதை அவரிடம் உட்கார வைத்துச் சொல்பவர்கள் குறைவு.

அந்தக் கணக்கு என்ன? அதற்கேற்ப படிக்கும் பழக்கத்தை எப்படி மாற்றிக்கொள்வது?

'மூணு கிரெடிட்' என்றால் எத்தனை மணி நேரம்?

மலேசியாவில் உயர்கல்விப் படிப்புகளின் தரத்தைக் கண்காணிப்பது எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பு. 2007-இல் உருவான அமைப்பு இது. அதன் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல்.

இதில் விரிவுரை, டுடோரியல், ஆய்வுக்கூடம், அசைன்மெண்ட், சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாமே அடங்கும். வகுப்பில் உட்காரும் நேரம் மட்டும் அல்ல.

அப்படியானால் மூன்று கிரெடிட் பாடம் என்பது 120 மணி நேர வேலை. ஒரு செமஸ்டரில் 14 வாரம் வகுப்பு, வாரம் 3 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், வகுப்பில் கழிவது 42 மணி நேரம்தான். மீதி 78 மணி நேரம் அட்டவணையில் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

ஒரு செமஸ்டருக்கு இப்படி ஐந்து பாடங்கள் என்றால் மொத்தம் 600 மணி நேரம். மீள்பார்வை வாரம், தேர்வு வாரங்கள் எல்லாம் சேர்த்து 17 வாரம் என்று பார்த்தால், வாரத்துக்குச் சுமார் 35 மணி நேரம். ஏறக்குறைய ஒரு முழுநேர வேலை.

சுருக்கமாக இப்படி நினைவில் வைக்கலாம்: ஒரு பாடத்துக்கு வாரம் 7 மணி நேரம். அதில் 3 மணி நேரம் வகுப்பில், 4 மணி நேரம் நீங்களாக.

"வாரத்துல மூணு நாள்தான் கிளாஸ், மத்த நாள் ஃப்ரீ" என்று முதல் மாதம் தோன்றுவதும், பத்தாவது வாரத்தில் எல்லாம் ஒரேயடியாக வந்து விழுவதும் இந்த 4 மணி நேரம் கண்ணில் படாததால்தான்.

பள்ளியில் இது ஏன் தெரியவில்லை?

பள்ளியில் காலை ஏழரைக்கு மணி அடிக்கும். மதியத்துக்குப் பின் டியூஷன் உண்டு. எந்த வாரம் எந்த அத்தியாயம், எந்த நாள் பயிற்சித் தேர்வு என்பதை ஆசிரியர் முடிவு செய்வார். மறந்ததை நினைவூட்டவும் அவர் இருப்பார்.

நம் சமூகத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்று விரிவுரையாளராக இருந்த டான் ஸ்ரீ டாக்டர் எம். தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் அதற்கு நல்ல உதாரணம். பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் பள்ளி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையில் வளர்ந்த அமைப்பு அது. இத்தகைய வகுப்புகளால் பல்கலைக்கழக வாசலை எட்டியவர்கள் பலர்.

ஆகவே டியூஷன் தவறு என்று சொல்ல முடியாது. டியூஷன் பாடத்தை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. நேரத்தையும் அதுவே ஒழுங்கு செய்தது, அடிக்கடி கேள்வி கேட்டு நினைவைச் சோதித்தது. கல்லூரிக்குப் போனதும் இந்த இரண்டும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. அறிவு குறையவில்லை. பக்கத்தில் இருந்த தூண் நகர்ந்துவிட்டது.

அந்த இரண்டு வேலைகளையும் மாணவர் தானே செய்துகொள்ளப் பழக வேண்டும். கல்லூரிப் படிப்புப் பழக்கம் என்பதன் சாரம் அதுதான்.

திரும்பத் திரும்ப வாசித்தால் போதாதா?

பெரும்பாலோர் செய்வது இதுதான். விரிவுரை ஸ்லைடுகளைத் திறந்து, மஞ்சள் மையால் கோடு போட்டு, மூன்று நான்கு முறை வாசிப்பது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். சிக்கல் அங்கேதான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுதான் முன்னணி: 83 விழுக்காடு. எழுதிய குழுவுக்கு 71. ஆனால் ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40 விழுக்காடுதான் நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

"நேத்து ராத்திரி எல்லாம் தெரிஞ்சுது" என்று மாணவர் சொல்வது பொய் அல்ல என்பது இதிலிருந்து புரியும். நேற்று இரவு தெரிந்தது உண்மை. அது நிற்கவில்லை என்பதும் உண்மை.

2013-இல் கெண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜான் டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்து வகைப் படிப்பு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கோடு போடுவதும் மறுபடி வாசிப்பதும் குறைந்த பயன் தருபவை என்ற பட்டியலில் சேர்ந்தன. அதிகப் பயன் தருபவை என்று அவர்கள் குறிப்பிட்டவை இரண்டே: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, படிப்பைப் பல நாட்களுக்குப் பிரித்து வைப்பது.

இரண்டுமே டியூஷன் ஆசிரியர் உங்களுக்காகச் செய்துகொண்டிருந்தவைதான்.

நாலு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

ஒரு மூன்று கிரெடிட் பாடத்துக்கு, வாரத்தில் இப்படிச் செய்து பார்க்கலாம்:

- வகுப்புக்கு முன் அரை மணி நேரம்: ஸ்லைடுகளை மேலோட்டமாகப் பாருங்கள். புரியாத இரண்டு இடங்களைக் கேள்வியாக எழுதி வையுங்கள். விரிவுரையில் காது அந்த இடத்தில் தானாக விழிக்கும்.

- அன்றைக்கே அரை மணி நேரம்: எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒரு வெற்றுத் தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். பிறகு குறிப்பைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். அந்தச் சிவப்பு எழுத்துகள்தான் அடுத்து நீங்கள் படிக்க வேண்டியவை.

- இரண்டு மணி நேரம்: டுடோரியல் கேள்விகள், அசைன்மெண்ட். விடையைப் பார்க்குமுன் ஒரு முயற்சியாவது செய்யுங்கள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை.

- வார இறுதியில் ஒரு மணி நேரம்: இந்த வாரப் பாடத்தோடு, இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தைய பாடத்தையும் கலந்து கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்பெடுப்பதிலும் ஒரு சிறிய மாற்றம் உதவும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் பிரபலப்படுத்திய முறை இது: தாளின் இடப்பக்கம் ஒரு குறுகிய பத்தியை விட்டு, வலப்பக்கம் குறிப்பு எழுதுவது. வகுப்பு முடிந்ததும் இடப்பக்கத்தில் அந்தக் குறிப்புக்கான கேள்வியை எழுதுவது. வலப்பக்கத்தைக் கையால் மறைத்தால் போதும், உங்கள் குறிப்பே உங்களுக்கான கேள்வித்தாள் ஆகிவிடும்.

சாட்ஜிபிடி போன்ற செயலிகளையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். "இந்த அத்தியாயத்திலிருந்து பத்துக் கேள்வி கேள்" என்றால் அது உங்களைச் சோதிக்கும். "இந்த அசைன்மெண்டை எழுதிக் கொடு" என்றால் 120 மணி நேரத்தில் ஒரு பகுதி உங்கள் கையை விட்டுப் போகும். தேர்வு மண்டபத்தில் அது தெரிந்துவிடும்.

கிள்ளானிலிருந்து ரயிலில் வருபவர் என்ன செய்வது?

"இதெல்லாம் ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்குச் சரி. எனக்கு டிராவல்லயே பாதி நாள் போகுது." நியாயமான பேச்சு. கிள்ளானிலிருந்து கேடிஎம் கொம்யூட்டரில் கே.எல். சென்ட்ரல் வரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து எல்.ஆர்.டி. பிடித்து யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கி வளாகத்துக்குப் போக இன்னும் நேரம். போக வர என்று வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது கழிந்துவிடும்.

காலை நெரிசலில் நின்றுகொண்டு புத்தகம் விரிக்க முடியாது, மடிக்கணினியும் திறக்க முடியாது. ஆனால் நினைவைச் சோதிக்க மேசை தேவையில்லை. கைத்தொலைபேசியில் இருபது கேள்விகள் இருந்தால் போதும். ஷா ஆலாம் வருவதற்குள் ஐந்து கேள்வி, சுபாங் ஜெயா வருவதற்குள் ஐந்து என்று கேட்டுக்கொள்ளலாம். மாலையில் களைப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். காலை மட்டும் செய்தாலும் போதும்.

ஆழமாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைக்கு வேறு வழி உண்டு. கடைசி வகுப்பு முடிந்ததும் உடனே ரயில் ஏறாமல், இரண்டு மணி நேரம் வளாக நூலகத்தில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம். நெரிசலும் கொஞ்சம் குறைந்திருக்கும். வார இறுதியில் வீட்டில் இடம் இல்லையென்றால், ஷா ஆலாம் செக்‌ஷன் 13-இல் ராஜா துன் ஊடா நூலகம் இருக்கிறது. கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம் உண்டு.

மூன்று மொழி தாண்டி வந்தவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் பாரம்

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு. இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் ஐந்து ஆண்டு. பிறகு கல்லூரியில் ஆங்கிலம். 1996-இல் தனியார் உயர்கல்விக்கூடச் சட்டம் வந்த பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருகிய தனியார் கல்லூரிகளில் பெரும்பாலும் ஆங்கிலமே பயிற்று மொழி.

இதனால் ஒரு மாணவருக்குப் பாடம் தெரிந்திருந்தும், அது இன்னொரு மொழியின் பெயரில் மூளையில் கிடக்கலாம். பொருளியலில் 'டிமாண்ட்' என்று விரிவுரையாளர் சொல்லும்போது, இடைநிலைப்பள்ளியில் படித்த 'பெர்மிந்தாஆன்'தான் அது என்று பொருத்திப் பார்ப்பதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிடும்.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போடுங்கள். ஆங்கிலச் சொல், மலாய்ச் சொல், தமிழில் உங்கள் சொந்த விளக்கம். டிமாண்ட், பெர்மிந்தாஆன், 'ஒரு பொருளை இந்த விலைக்கு வாங்க எத்தனை பேர் தயார்' என்பது போல. முதல் நான்கு வாரம் ஒரு பாடத்துக்குத் தினம் ஐந்து சொல் எழுதினால், அடிப்படைச் சொற்கள் பெரும்பாலும் கைக்குள் வந்துவிடும்.

கேள்வித்தாளின் வினைச்சொற்களையும் இதில் சேருங்கள். 'டிஃபைன்' என்றால் வரையறை சொன்னால் போதும். 'டிஸ்கஸ்' என்றால் இரு பக்கமும் பேச வேண்டும். 'எவாலுவேட்' என்றால் கடைசியில் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். பாடம் தெரிந்தும் மதிப்பெண் போவது பல நேரம் இங்கேதான்.

தனியாகவா, கூட்டாகவா?

1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆய்வாளர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். பள்ளியில் நன்றாகப் படித்து வந்த கறுப்பின மாணவர்கள் பலர் கால்குலஸ் பாடத்தில் தோற்பது ஏன்? ஆர்வம் இல்லை, குடும்பப் பின்னணி சரியில்லை என்று பலர் ஊகித்தார்கள். ட்ரைஸ்மன் ஊகிக்கவில்லை. மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று அவர்களோடு இருந்தே கவனித்தார்.

தோற்றவர்கள் சோம்பேறிகள் அல்ல. விரிவுரையாளர் சொன்ன அளவு, வாரம் சுமார் 8 மணி நேரம் படித்தார்கள். ஆனால் தனியாகவே படித்தார்கள். எங்கே தப்பு என்று சொல்ல ஆள் இல்லை. அதே வகுப்பில் நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் சுமார் 14 மணி நேரம் படித்தார்கள். அதில் ஒரு பகுதியை ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்துக் கழித்தார்கள். பிறகு ட்ரைஸ்மன் கூட்டாகக் கடினமான கணக்குகளைப் போடும் பயிற்சிக் குழுக்களை அமைத்தபோது கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி நன்றாக உயர்ந்தது.

வகுப்பு முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடும் நம் மாணவர்களுக்கு இது பொருந்தும். தனியாகப் படிப்பவருக்குத் தன் நிலை தெரியாது. மற்றவருக்கும் புரியவில்லை என்பது தெரியாமல், "எனக்குத்தான் மண்டையில ஏறல" என்று நினைத்துக்கொள்வார்.

மூன்று அல்லது நான்கு பேர், வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம் போதும். ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும்: எல்லோரும் கேள்விகளைத் தனியாக முயன்றுவிட்டுத்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் செய்வார், மற்றவர்கள் தே தாரிக் குடிப்பார்கள்.

விரிவுரையாளரின் ஆலோசனை நேரமும் உங்களுக்காக ஒதுக்கப்பட்டதே. "சார், ஒண்ணும் புரியல" என்று போகாமல், "சார், இந்த மூணாவது வரியிலேர்ந்து நாலாவதுக்கு எப்படி வந்துச்சு?" என்று போய்க் கேளுங்கள். பத்து நிமிடத்தில் வேலை முடியும்.

பகுதிநேர வேலை பார்ப்பவர்கள்?

வேலையை விடச் சொல்வது எளிது. பல வீடுகளில் அது முடியாது. ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 56, படிப்பு 35, பயணம் 10, சாப்பாடு, குளியல் போன்றவை 21. மீதி 46 மணி நேரம். அதில் 20 மணி நேரம் வேலை என்றால் 26 மிஞ்சும், சமாளிக்கலாம். 40 மணி நேர வேலை என்றால் 6 மணி நேரம்தான் மிஞ்சும். முதலில் அடி வாங்குவது தூக்கம், அடுத்தது படிப்பு. அப்படியொரு நிலை இருந்தால், பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து எடுக்க வழி உண்டா என்று கல்வி ஆலோசகரிடம் கேட்பது தோல்வியடைந்து மறுபடி எடுப்பதைவிட மலிவானது.

முதல் செமஸ்டரில் சறுக்கியாச்சு. இனி?

மீள முடியும். ஆனால் தள்ளிப்போடப் போட விலை ஏறும். முதல் செமஸ்டரில் 1.80 வாங்கியவர், நான்கு செமஸ்டர் முடிவில் 3.00 சி.ஜி.பி.ஏ. எட்ட வேண்டுமானால் அடுத்த மூன்றிலும் சராசரி 3.40 எடுக்க வேண்டும். கிரெடிட் எண்ணிக்கை ஒரே அளவு என்று வைத்துப் போட்ட கணக்கு இது. கடினம்தான், நடக்காதது அல்ல.

இதில் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. பி.டி.பி.டி.என். கடன் தொடர்ந்து கிடைக்க 2.00 புள்ளிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மறுபுறம், முதல் வகுப்பில் பட்டம் பெறுவோருக்குக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு தரும் திட்டமும் உண்டு. அதன் நிபந்தனைகள் மாற்றப்பட்டு வருவதால் தற்போதைய விதியைப் பி.டி.பி.டி.என்.-இடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. பல உயர்கல்விக்கூடங்களில் 80 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் இறுதித் தேர்வு எழுத விட மாட்டார்கள். அதோடு, பல பாடங்களில் 'கேரி மார்க்' எனப்படும் தொடர் மதிப்பீட்டு மதிப்பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. இறுதி வாரத்தில் கண் விழித்துப் படித்து அதை மீட்க முடியாது. ஐந்தாம் வார அசைன்மெண்ட் ஐந்தாம் வாரத்தோடு முடிந்தது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, என்ன சொல்லிக் கொடுக்கிறது?" என்று ஒதுங்கும் பெற்றோர் உண்டு. சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் போதும்.

"படிச்சியா?" என்று கேட்டால் "ம்" என்று பதில் வரும். அதற்குப் பதிலாக, "இன்னிக்கு என்ன நடத்துனாங்க, எனக்குப் புரியிற மாதிரி தமிழ்ல சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் கேட்ட பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்து, தமிழில் அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகள் சிபாரிசு செய்வதும் இதைத்தான்.

பிள்ளை எங்கே தடுமாறுகிறாரோ, அங்கேதான் நாளைக்குப் படிக்க வேண்டியது இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெற்றோருக்குப் பட்டம் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் போதும்.